இப்ராஹிம் பாயின் முந்நூறு பிரதிகள்

பாய் போய்விட்ட செய்தி எனக்கு ஒரு கேட்பாஸ் சீட்டின் பின்பக்கத்தில் வந்தது. அன்று எங்கள் பனியன் கம்பெனியில் ஆடிட். எங்களிடம் சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய ஆடிட்டரோடு தையல் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பிரிவுக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவளே நான்தான். கேட்டில் கிடந்த என் போன் அடித்து அடித்து ஓய்ந்ததைப் பார்த்த வாட்ச்மேன், தானே எடுத்துப் பேசிவிட்டு, சீட்டில் எழுதிக்கொண்டு உள்ளே வந்து நீட்டினார். "இப்ராஹிம் பாய் காலமாயிட்டாருங்க மேடம். காலைல நாஸ்டா சாப்ட்டுட்டு ஒக்காந்தாப்லயே போயிட்டாருங்களாம். மகன் சலீம் பேசினாருங்க." கீழே தன் கையெழுத்தையும் போட்டிருந்தார்.

படித்ததும் அழுகை வரவில்லை. முதலில் வந்தது எரிச்சல். 'பார்த்தீங்களா ஆடிட்டரம்மா, நான் போன சேதியே காயிதத்துலதான் வருது' என்று பாய் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. செத்த பிறகும் என்னிடம் வாதத்தில் ஒரு பாயின்ட் எடுத்துவிட்டாரே என்று நினைத்தேன். அழுகை அப்புறம்தான் வந்தது, அதுவும் அந்த ஆடிட்டர் முன்னால். அவர் பயந்துபோய், ஃபயர் எக்ஸிட் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

'பக்கத்து ஊடு' மாத இதழைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குப் பாயைத் தெரியாமல் இருக்காது. என்னையும் தெரிந்திருக்கும். இந்த இதழின் துணை ஆசிரியர் ஸ்டெல்லா நான்தான். இதழை அச்சடித்தே தீருவேன் என்று நின்றவர் பாய். நிறுத்துங்கள் என்று வருடக்கணக்காக நச்சரித்தவள் நான். கம்பெனியில் என் வேலை, எத்தனை லிட்டர் தண்ணீர் செலவானது, எத்தனை யூனிட் கரண்ட் ஆனது என்று பையருக்குக் கணக்குச் சொல்வது. பகலெல்லாம் அதைச் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து ரீம் ரீமாகக் காகிதத்தில் மை பூசிக்கொண்டிருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. இந்த அஞ்சலியை எழுத நான் தகுதியானவளா என்று சலீமிடமே கேட்டேன். "அத்தாகூட அதிகமாச் சண்டை போட்டது நீங்கதாங்க அக்கா. நீங்கதான் எழுதோணும்" என்றார்.

பாய்க்குத் தொழில் கட்டிங் வேஸ்ட். பனியனுக்குத் துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி, நிறம் பிரித்து, தரம் பிரித்து அனுப்புவது. மங்கலம் சாலையில் அவர் குடோன். அந்த மூட்டைகளோடு மார்க்கர் பேப்பரும் வரும். துணியை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று கோடு போட்டிருக்குமே, அந்த நீளக் காகிதம். வேலை முடிந்ததும் கிழித்துக் கசக்கி மூட்டைக்குள் திணித்துவிடுவார்கள். மற்ற வியாபாரிகள் அதைத் தனியே எடுத்துப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுவார்கள். பாய் அதைப் பிரித்துப் படிப்பார்.

படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கட்டிங் டேபிளில் நிற்கிறவர்கள் அந்தக் காகிதத்தின் பின்புறத்தில் எழுதாத விஷயம் கிடையாது. காதலிக்கு எழுதி, அனுப்பாமல் விட்ட கடிதம். சூப்பர்வைசரைத் திட்டி நாலு வரி. மகள் பிறந்தால் வைக்க ஒன்பது பெயர்கள், அதில் ஏழு அடித்திருக்கும். ஒரு நாள் ராமநாதபுரம் பக்கத்து ஆள் ஒருவர், முதன்முதலாகத் திருப்பூர் வந்து இறங்கிய காலையைப் பற்றி, கழுத்து வளைவுக்கும் கை வளைவுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் எல்லாம் எழுதியிருந்தார். பாய் அதை மூன்று தரம் படித்தாராம். பிறகு அந்த மூட்டை எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்று பார்த்து, நேரே போய், எழுதியவரைத் தேடிப் பிடித்து, "ஏனுங்க, இதை நாலு பேரு படிக்கோணுமுங்க. அச்சுப் போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் வேலை போகப்போகிறது என்று பயந்து, எழுதியது தான் இல்லை என்று சத்தியம் செய்தாராம். அவரைச் சரிக்கட்ட இரண்டு டீயும் ஒரு பன்னும் ஆகியிருக்கிறது. 'பக்கத்து ஊடு' முதல் இதழின் முதல் கட்டுரை அதுதான்.

நான் இதழுக்குள் வந்தது ஒரு திட்டுக் கடிதத்தால். ஏதோ ஒரு மாதம், பிளாஸ்டிக் பைகளால் சாக்கடை அடைப்பதைப் பற்றி இதழில் உருக்கமான தலையங்கம். இதழ் வந்ததோ பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் உறையில். பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. 'உறையைக் கழற்றிவிட்டுத் தலையங்கத்தை எழுதியிருக்கலாம்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். மறுநாள் ஷிஃப்ட் முடியும் நேரத்தில், வெள்ளைத் தொப்பியும் கட்டம் போட்ட லுங்கியுமாக ஒரு பெரிய மனிதர் எங்கள் கேட்டில் நின்றார். கையில் என் கடிதம்.

"ஸ்டெல்லாங்கறது நீங்களாங்க?"

"ஆமாங்க. தப்பா எழுதிட்டேனா?"

"இல்லீங்க, நெம்பச் சரியா எழுதியிருக்கறீங்க. அதனாலதான் வந்தனுங்க. இதழ் நல்லாருக்குதுன்னு சொல்லறவங்க நூறு பேரு இருக்கறாங்க. இப்படி வையறவங்க ஒருத்தரும் இல்லீங்க. ஞாயித்துக்கெழமையில வந்து வைஞ்சுட்டுப் போனீங்கன்னாப் பரவால்லீங்க."

சம்பளமில்லாத வேலைக்கு இப்படி ஓர் அழைப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அடுத்த இதழிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒழிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே எனக்கு 'ஆடிட்டரம்மா' என்று பெயரும் வைத்துவிட்டார்.

எங்கள் பெரிய சண்டை அடுத்த வருடம் நடந்தது. குடோனில் சிவப்புத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் விளக்குமாற்றைத் தேடிப் போனேன். விளக்குமாறு கிடைக்கவில்லை. பழைய 'பக்கத்து ஊடு' கட்டுகள் கிடைத்தன. பிரிக்காத கட்டுகள், ஆளுயரத்துக்கு. அப்போது ஆயிரம் பிரதி அடித்துக்கொண்டிருந்தோம். ஆயிரம் அடித்தால்தான் அச்சகத்தில் கட்டுப்படியாகும் என்று யாரோ சொல்ல, அதையே வழக்கமாக வைத்திருந்தார் பாய். ஆயிரத்தில் பாதிக்குப் பக்கம் இங்கேயே உட்கார்ந்திருந்தது.

நான் சும்மா இருப்பேனா? காகிதம் செய்ய எவ்வளவு மரமும் தண்ணீரும் வேண்டும், அச்சு பிளேட் செய்யும் அலுமினியம் எங்கிருந்து வருகிறது, மை கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, லாரி டீசல் என்ன ஆகிறது என்று ஒன்றுவிடாமல் அடுக்கினேன். கடைசியில், "ஊரு வேஸ்ட்டையெல்லாம் வாங்கித் தரம் பிரிக்கீங்க, சொந்த வேஸ்ட்டை மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கீங்களே பாய்" என்றும் சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் எனக்குச் சங்கரன்கோவில் பேச்சு வந்துவிடும்.

பாய் ஒரு கட்டைப் பிரித்து, ஒரு பிரதியை எடுத்து, தூசி தட்டி, மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகம் சுருங்கிப்போனதை அன்றுதான் பார்த்தேன். "நிறுத்திக்கலாமுங்க. அடுத்த மாசம் போன்லயே அனுப்பிப் பார்க்கலாமுங்க" என்றார்.

அப்படித்தான் 'பக்கத்து ஊடு' ஒரு மாதம் காகிதம் இல்லாமல் வந்தது. பிடிஎஃப் ஆக்கி, எல்லா வாட்ஸாப் குழுவுக்கும் அனுப்பினேன். ஒரே மணி நேரத்தில் கட்டைவிரல்களும் கும்பிட்ட கைகளுமாக வந்து குவிந்தன. நான் போனைப் பாயின் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினேன். "நெம்ப சந்தோஷமுங்க. யாராச்சும் உள்ளுக்குள்ள என்ன இருக்குதுன்னு எழுதியிருக்கறாங்களா?" என்று கேட்டார். எழுதவில்லை. எழுதுவார்கள் என்றேன். பத்து நாள் ஆகியும் ஒரு கடிதம் இல்லை. எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது, காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் வந்தாள். எங்கள் கம்பெனி செக்கிங் பிரிவில் பனியனில் ஓட்டை, அழுக்கு பார்க்கிற வேலை, எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்தான். கையில் கனமான ஒரு காகிதக் கட்டு. ஓரத்தில் தையல் நூலால் கோத்திருந்தது. வந்தவள் என்னைப் பார்க்காமல் நேரே பாயிடம் போனாள்.

"ஏன் பாய், புஸ்தகத்தை நிப்பாட்டிட்டிய?"

"நிறுத்துலீங்க கண்ணு. போன்ல வந்துச்சே?"

"போன்ல வந்தா எனக்கு வந்தாப்லயா? எனக்கு ஏது போனு? இருக்கது ஒண்ணு, அது பெரியவன் கையில இருக்கு, பாடம் படிக்கேம்பான், வெளையாட்டுல இருப்பான். கம்பெனிக்குள்ள கொண்டுபோனவளும் கேட்டுலயே குடுத்துரணும். டீ டைம் பதினஞ்சு நிமிசம் இருக்கு பாத்தியளா, அதுலதான் நாங்க வாசிப்போம். ஒருத்தி வாசிக்க ஆறு பேரு கேப்போம். அதையும் கெடுத்துட்டிய."

"அப்ப இது என்னங்க கையில?"

"ஜெராக்ஸு. கடைக்காரன்ட்ட சொல்லி எடுத்தோம். எல்லாரும் சேந்துதான்."

நான் வாங்கிப் பார்த்தேன். பிடிஎஃப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி ஏ-ஃபோர் தாளில், ஒரு பக்கமாக மட்டும் அடித்துக் கொடுத்திருந்தான் அந்த மகராசன். எங்கள் முப்பத்திரண்டு பக்க இதழுக்கு முப்பத்திரண்டு தாள். இதழையே இரண்டு புறமும் அடித்து மடித்தால் எட்டுத் தாள்தான். அந்தக் கடையில் மட்டும் இப்படி எத்தனை செட் போயிற்று என்று கேட்டேன். "பக்கத்துக் கம்பெனிக்காரவுளும் எடுத்தாவ" என்றாள். மரங்களைக் காப்பாற்றக் கிளம்பிய நான் அந்த மாதம் பிரதிக்குப் பிரதி கூடுதலாகத்தான் வெட்டியிருந்தேன். அந்த போன் விதியை எழுதி ஒட்டியவளுக்கே, போன் போகாத இடத்துக்குக் காகிதம் போகும் என்பது தோன்றவில்லை.

பாய் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. பேச்சியம்மாளுக்கு டீ சொல்லிவிட்டு, "ரண்டு பேரு சொன்னதும் சரிதானுங்க. அந்த மூலையில கெடக்கற கட்டு தப்பு. இந்தப் புள்ளைக கையில புஸ்தகம் இல்லாததும் தப்பு. நடுவுல எங்கயோ ஒரு எண்ணு இருக்குதுங்க, கண்டுபிடிக்கோணும்" என்றார்.

அந்த எண் முந்நூறு. எப்படி வந்தது தெரியுமா? யார் யார் படிக்கிறார்கள் என்று ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும், ஒவ்வொரு லைன் வீட்டு வரிசையிலும், டீக்கடையிலும் நின்று கேட்டோம். இரண்டு மாதம் ஆயிற்று. பிரதியைக் கையில் வாங்கியவர் எத்தனை பேருக்குக் கொடுப்பார் என்றும் கேட்டு எழுதிக்கொண்டோம். கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு, இருபது கோடு போட்டோம். படித்தவர் தன் பெயரை எழுதி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். இருபது பெயர் ஆனதும் பிரதி குடோனுக்குத் திரும்ப வேண்டும். யாரும் திருப்பித் தர மாட்டார்கள் என்று நான் பந்தயம் கட்டினேன், தோற்றேன். எல்லாம் வரவில்லைதான். ஆனால் வந்தவற்றைப் பார்த்தால் போதும். ஒன்று கொமரலிங்கம் போய், அங்கே கரும்பு வெட்டப் போனவர்கள் பெயரோடு திரும்பியது. ஒன்றில் பன்னிரண்டாவது பெயருக்குப் பக்கத்தில், 'பதினோராவது ஆள் ரொம்ப நாள் வச்சிருந்தார்' என்று புகார் இருந்தது. இந்தியில் கையெழுத்துப் போட்டிருந்தார் ஒருவர். படிக்கத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் வாசிக்கக் கேட்டேன் என்று அவருக்காக வேறொருவர் தமிழில் எழுதியிருந்தார்.

சுத்தமாகத் திரும்பிய பிரதியைக் கண்டால் பாய்க்குப் பிடிக்காது. குழம்பு பட்டது, மெஷின் ஆயில் பட்டது, முனை மடங்கியது, நடுவில் ஒரு பக்கம் காணாமல் போனது, இவற்றையெல்லாம் எடுத்து எனக்குக் காட்டி மகிழ்வார். "ஒருத்தரு படிச்சா இந்தக் காயிதம் கனமுங்க ஆடிட்டரம்மா. இருவது பேரு படிச்சா லேசாயிருமுங்க" என்பார். நான் அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். தலைக்கு இவ்வளவு காகிதம், இவ்வளவு தண்ணீர் என்று. அவர் சொன்னது சரிதான். எரிச்சலாக இருந்தது, ஆனாலும் சரிதான்.

இனி எழுதப்போவதை, எழுதாமல் விடாதீர்கள் என்று பாயே பல முறை சொல்லியிருக்கிறார். நொய்யல் சிறப்பிதழ் கதை. புதியவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆற்றில் சாயத் தண்ணீர் கலந்த கதையை முழு இதழாகக் கொண்டுவரத் திட்டமிட்டோம். அட்டைக்கு வாங்கிய காகிதம் வேண்டாம், நம் ஊர்க் கட்டிங் வேஸ்ட்டிலேயே காகிதம் செய்யலாம் என்றார் பாய். பருத்தித் துணியில் காகிதம் செய்யலாம். சேவூர்ப் பக்கம் வேலுச்சாமி என்பவர் சின்னதாக ஒரு கைக்காகித யூனிட் வைத்திருந்தார். ரோஜா நிறத் துண்டுகள் எட்டு மூட்டை பாயிடம் இருந்தன. அட்டை அழகாக வரும் என்று ஆசை. சாயம் போகுமோ என்று எனக்குச் சந்தேகம். பாய் ஒரு துண்டை நனைத்து, தன் வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். துளி சாயம் ஒட்டவில்லை. நான் அதோடு விடாமல், எங்கள் கம்பெனி லேபில் அதே துணிக்கு எடுத்த ரிப்போர்ட்டை எடுத்து வந்தேன். துவைத்தால் சாயம் போகாது, முதல் தரம் என்று இருந்தது. திருப்பூரில் அந்த ரிப்போர்ட்டுக்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கப்பல் ஏறுகிற சரக்கே அதை நம்பித்தான் ஏறுகிறது. இரண்டு பேரும் நிம்மதியாக மூட்டைகளை அனுப்பினோம்.

அந்த ரிப்போர்ட் ஒருவர் வீட்டில் பனியனைத் துவைப்பதற்கானது. காகிதம் செய்கிறவர் துணியைத் துவைப்பதில்லை. நறுக்கி, சோடா போட்டு வேகவைத்து, கூழாகும்வரை அடிக்கிறார். இது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. துணியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் யாராவது இருந்திருந்தால், வேகவைத்தால் சாயம் என்ன ஆகும் என்று கேட்டிருப்பார்.

மூன்றாம் நாள் வேலுச்சாமி போன் செய்தார். "பாய், கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்பதற்கு மேல் சொல்லவில்லை. போனோம். யூனிட்டுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்கும் குட்டை ஒன்று. கரைக்குக் கரை ரோஜா நிறம். அதில் இறங்கி ஏறிய ஒரு வெள்ளைக் குட்டியாடு, நான்கு காலும் முழங்கால்வரை சிவந்து நின்றது. ஆட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ற குட்டிக்கு மருதாணி வெச்சு உட்டது யாருங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சாயத் தண்ணீரைக் கண்டித்து வரப்போகும் இதழின் அட்டைதான் வைத்தது.

அன்று பாய் வேலை செய்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். தெரிந்த சாயப்பட்டறைக்காரரைப் பிடித்து, டேங்கர் லாரி வரவழைத்து, குட்டைத் தண்ணீரை உறிஞ்சி, அவர்களுடைய சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினார். லாரிக் குழாய் எட்டாத இடத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியால் இறைத்தார். நானும் இறைத்தேன். குட்டியாட்டைத் தானே சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார். அது அவர் தொப்பியைத் தின்னப் பார்த்தது. சேறெல்லாம் சுரண்டி எடுக்க நான்கு நாள் ஆயிற்று.

திரும்பி வரும்போது பாய், "முதல் பக்கத்துல இதைப் போட்டுரலாமுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்பெனி லேப் ரிப்போர்ட்டை யாரிடமும் கேட்காமல் வெளியே எடுத்து வந்தவள் நான். அச்சில் வந்தால் என் வேலை போகும். அதைவிட, ஊரெல்லாம் கணக்குக் கேட்கிற ஆடிட்டரம்மா ஒரு குட்டையைச் சிவப்பாக்கினாள் என்று தெரிந்தால் நாளைக்கு யார் என் பேச்சைக் கேட்பார்கள்?

"யாருக்கும் தெரியாது பாய். தண்ணியைத்தான் எடுத்துட்டோம்ல?"

"தெரியாதுதானுங்க. என்ற பேரு மட்டும் போட்டுக்கறனுங்க. உங்க பேரு வேண்டாம், ரிப்போர்ட்டுப் பேச்சே வேண்டாம்."

"அப்பக்கூட எதுக்குப் போடணும்?"

"அடுத்தவங்க ஊத்துன தண்ணியப் பத்தி முப்பத்திரண்டு பக்கம் எழுதியிருக்கறமுங்களே. நாம ஊத்துனதுக்கு ஒரு பக்கம் வேண்டாமுங்களா? போன்ல எழுதுனாப் பொறவு அழிச்சுக்கலாமுங்க. அச்சுல போட்டா அழிக்க முடியாதுங்க. அதுக்குத்தானுங்க அச்சு."

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அந்தப் பக்கத்தை நானே எழுதினேன், என் பெயர், ரிப்போர்ட், கைக்குட்டை, குட்டியாடு எல்லாம் சேர்த்து. அட்டை சாதாரணக் காகிதத்தில்தான் வந்தது. மாதக் கடைசியில் எம்.டி. கூப்பிட்டார். ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் மேஜையில் சிறப்பிதழ் இருந்தது. "இனிமே எடுக்கறதுன்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்கம்மா" என்றார், அவ்வளவுதான். அவர் மேஜையில் கிடந்த பிரதியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அவர் பதினாலாவது பெயர்.

அந்த இதழுக்கு வந்த மாதிரிக் கடிதங்கள் அதற்கு முன் வந்ததில்லை. நான்கு பேர், தாங்களும் இப்படி ஊற்றியிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். பெயர் போட்டே எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு வேலுச்சாமிக்குச் சாயமே ஏறாத துணியின் துண்டுகளை மட்டும் அனுப்பினோம். இன்று நீங்கள் பிடித்திருக்கும் அட்டை அதில் செய்ததுதான். அழுக்கு வெள்ளையாக, கொஞ்சம் சொரசொரப்பாக, இருபது கைக்குத் தாங்குகிற மாதிரி இருக்கும்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் குடோனில் கூடினோம். பாயோடு தொழில் செய்தவர்கள், அச்சகத்துக்காரர், வேலுச்சாமி, சலீம். எல்லாருக்கும் பெரிய மனது. பாய்க்கு ஒரு நினைவு மலர் போடலாம் என்றார்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பர், எல்லாப் பக்கமும் கலர், ஐயாயிரம் பிரதி, ஊரெல்லாம் இலவசம். பாயின் படம் அட்டையில் பெரிதாக. ஒருவர் ஃப்ளெக்ஸ் போர்டு என்றும் ஆரம்பித்தார். என் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

எல்லாரும் பேசி முடித்த பிறகு சலீம் என் பக்கம் திரும்பினார். "அக்கா, மலர் இருக்கட்டுங்க. இதழ் தொடருமுங்களா? இல்ல அத்தாவோட நிறுத்திக்கலாமுங்களா? நீங்க எப்பவுமே வேண்டாம்னுதானுங்க சொல்லிட்டிருந்தீங்க. நீங்க சொன்னாச் சரிங்க."

பத்து வருடமாக இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். நிறுத்தலாம் என்பதற்குக் காரணங்கள் எல்லாம் வரிசையாக நினைவில் இருந்தன. ஒன்றும் பொய்யில்லை. காகிதத்துக்கு மரம் வேண்டும், மைக்குத் தண்ணீர் வேண்டும், இன்றைக்கும் அப்படித்தான். வாயைத் திறந்தேன். சுற்றிலும் பார்த்தேன். மறுத்துப் பேச ஆள் இல்லை. எல்லாரும் நான் சொல்வதற்குத் தலையாட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். பாய் இருந்திருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்த உடனே அதைச் சொல்லத் தொடங்கியிருந்தேன். டீ டைம் பதினைந்து நிமிடத்தைச் சொன்னேன். அழிக்க முடியாத பக்கத்தைச் சொன்னேன். அதற்கு நானே எழுந்து பதில் சொன்னேன். ஐயாயிரம் கூடாது, ஆர்ட் பேப்பர் கூடாது, யார் படிப்பார்கள் என்று கேட்காமல் ஒரு தாள் கூட மெஷினில் ஏறக் கூடாது என்றேன். வேலுச்சாமி, "நீங்க எந்தக் கட்சீங்கம்மா?" என்று கேட்டேவிட்டார். சிரித்தோம். பாய் போன பிறகு அந்தக் குடோனில் கேட்ட முதல் சிரிப்பு.

பாயின் பொருள் எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. தொப்பியையும் கண்ணாடியையும் சலீம் வைத்துக்கொள்ளட்டும். எங்கள் சண்டையில் அவர் பேசிய பாதியை நான் வைத்துக்கொண்டேன். இனி இரண்டு பக்கமும் நானே பேசியாக வேண்டும். மறுநாள் அச்சகத்திலிருந்து, "எவ்வளவுங்க அடிக்கறது?" என்று கேட்டார்கள். முந்நூறு என்றேன். பாயாக இருந்தால் முந்நூற்றைம்பது கேட்டிருப்பார், நான் விட்டிருக்க மாட்டேன். போனை வைத்துவிட்டேன். இரண்டு நிமிடம் கழித்து நானே மறுபடி கூப்பிட்டு, முந்நூற்றைம்பது என்று மாற்றினேன்.